ஆறரை ஆக்சிஜன்

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகளுக்கு வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வது என்றாலே அழுகை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதை எழுதும்போது, வலப்பக்கம் ஆக்சிஜன் ஒன்று குறைகிறதே என்று, தண்ணீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிட்டாள். எண்ணிக்கை சரியாக வருகிறதே, ஏன் மார்க் இல்லை என்று கேட்கிறாள். சமையல் வாயுவில் இருக்கும் பியூட்டேன் எரிவதை எழுதும்போது ஆக்சிஜன் ஆறரை என்று வந்தது. அத்தோடு நோட்டை மூடிவிட்டாள். (ஒரு தாய், கரூர்)

பதில்: முதலில் அவளைத் திட்டாதீர்கள். எண்ணிக்கை உண்மையிலேயே சரி: இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. ஆனால் அவள் எழுதியது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதேதான். தாகம் என்று வந்தவருக்கு அதையா கொடுப்பது?

வாழைப்பழச் சீப்பை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழே இருக்கும் சின்ன எண், ஒரு சீப்பில் எத்தனை பழம் என்பது. முன்னால் நாம் போடும் எண், அதாவது கெழு, எத்தனை சீப்பு என்பது. கடைக்காரரிடம் இன்னொரு சீப்பு கேட்கலாம். இந்தச் சீப்பிலேயே இன்னும் ஒரு பழத்தை ஒட்டிக் கொடு என்று கேட்க முடியாது. ஆக்சிஜன் போதவில்லையா, தண்ணீரை 2 ஆக்கு. இப்போது வலப்பக்கம் ஹைட்ரஜன் அணுக்கள் 4 ஆகிவிட்டன, இடப்பக்கம் ஹைட்ரஜன் மூலக்கூறையும் 2 ஆக்கு. முடிந்தது.

அரசுப் பள்ளியில் இருந்த காலத்தில் இதை நான் கரும்பலகையில் தொடங்குவதே இல்லை. உளுந்து ஹைட்ரஜன், கொண்டைக்கடலை ஆக்சிஜன், புளியங்கொட்டை கார்பன். மேஜையில் பரப்பி வைத்து, இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் அந்தப் பக்கம் போக வேண்டும், ஒன்றும் மிஞ்சக் கூடாது, குறையக் கூடாது என்பேன். ஒரு தடவை கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது. பார்த்தால் முன்வரிசைப் பையன் ஆக்சிஜன் இரண்டை மென்றுகொண்டிருக்கிறான்.

சரி, பியூட்டேனுக்கு வருவோம். ஒரு மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் முழுக்க கார்பன் டை ஆக்சைடுக்குப் போகிறது, ஆகவே அது 4. ஹைட்ரஜன் முழுக்கத் தண்ணீருக்கு. தண்ணீர் ஒன்றுக்கு ஹைட்ரஜன் 2, ஆகவே தண்ணீர் 5. ஆக்சிஜனை இதுவரை தொடவே இல்லை, கவனியுங்கள். அது இடப்பக்கம் தனியாக நிற்கும் தனிமம். அதன் கெழுவை எவ்வளவு மாற்றினாலும் வேறு எந்த அணுவின் கணக்கும் கலையாது. அதனால் அதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். பிள்ளைகள் பாதிப் பேர் ஆக்சிஜனில்தான் தொடங்குகிறார்கள், அப்புறம் சுற்றிச் சுற்றி அழிரப்பரைத் தேய்க்கிறார்கள்.

இப்போது வலப்பக்க ஆக்சிஜனை எண்ணலாம். கார்பன் டை ஆக்சைடில் 8, தண்ணீரில் 5, மொத்தம் 13 அணுக்கள். ஆக்சிஜனோ இரண்டிரண்டாக ஒட்டியே வரும். ஆகவே ஆறரை. உங்கள் மகள் இதுவரை சரியாகத்தான் வந்திருக்கிறாள்! அரை மூலக்கூறு என்று ஒன்று இல்லை என்பதால் எல்லாக் கெழுவையும் இரண்டால் பெருக்கிவிட வேண்டியதுதான். பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, தண்ணீர் 10. சரிபார்த்தால் இரண்டு பக்கமும் கார்பன் 8, ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 26. ஒரே ஒரு பெருக்கலுக்கு முன்னால் நோட்டை மூடியிருக்கிறாள்.

கேள்வி: இந்த எண்களால் வீட்டில் ஏதாவது பயன் உண்டா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டரைப் பாருங்கள். உள்ளே இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும். கணக்கு சுலபமாக இருக்க எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன சமன்பாட்டில் ஒவ்வொரு அணுவின் எடையையும் போட்டுக் கூட்டினால், 116 கிராம் பியூட்டேன் 416 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 352 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 180 கிராம் தண்ணீரும் தருகிறது. அப்படியானால் ஒரு சிலிண்டர் தீரும்போது ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜன் செலவாகி, 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ தண்ணீரும் உண்டாகியிருக்கும். ஒரு பெரிய குடம் நிறைந்து வழியும் அளவு தண்ணீர், ஆவியாக! ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள் என்று சொல்வது சும்மா இல்லை. அந்த 13 ஆக்சிஜன் முழுசாக வந்து சேராவிட்டால் தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும்.

நாளைக் காலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அதன் வெளிப்புறத்தைப் பாருங்கள். முதல் சில விநாடிகள் முத்து முத்தாக வேர்க்கும். வாயு எரிந்து உண்டான அந்தத் தண்ணீர்தான் அது. பாத்திரம் ஒழுகுகிறது என்று என் மனைவி ஒரு புதுப் பாத்திரத்தைக் கடைக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தாள்.