மூடுபனி வீட்டுக்குள் மொன்ஸ்டெராவுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

ஹட்டனுக்கு அருகில் வசிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி: “சென்ற டிசம்பரில் கண்டிப் பக்கம் ஒரு நாற்றுமேடையில் மொன்ஸ்டெரா செடி வாங்கினேன். அப்போது இலைகளில் அழகான பிளவுகள் இருந்தன. வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். பிறகு வந்த இலைகள் சிறுத்து, பிளவே இல்லாமல் இருக்கின்றன. தண்டு நீண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. பெப்ரவரியில் முற்றத்து வெயிலில் வைத்தேன். மூன்றே நாளில் இலை கருகியது. எங்கள் வீட்டின் முன்பக்கம் கிழக்கு. வரவேற்பறைக்குத் தெற்கே ஒரு ஜன்னல் உண்டு. செடியை எங்கே வைப்பது?”

உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. அது பட்டினி கிடக்கிறது. செடிக்கு உணவு வெளிச்சம்தான். தண்ணீரும் உரமும் அந்த உணவைச் சமைக்கத் தேவையான மற்றப் பொருட்கள். அடுப்பில் நெருப்பு இல்லாதபோது பானையில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றியது போலத்தான் நடந்திருக்கிறது. இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையகத்தில் வீட்டுக்குள் செடி வளர்க்கும் பலருக்கும் இதுவே நடக்கிறது. வெளிச்சத்தை அளக்க நாம் நம் கண்ணை நம்புவதே காரணம்.

இருட்டான அறைக்குள் போனதும் கண்ணின் பாவை விரிந்துகொள்கிறது. சில நிமிடங்களில் அந்த அறை நமக்கு வெளிச்சமாகவே தெரிகிறது. இலைக்கு அப்படி விரிய ஒரு பாவை கிடையாது. வெளிச்சத்தை ‘லக்ஸ்’ என்ற அளவில் சொல்வார்கள். வெட்டவெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் அளவு இருக்கும். அதே பகலில், ஜன்னலில் இருந்து பத்தடி தள்ளிய வரவேற்பறை மூலையில் 100 லக்ஸ் கிடைப்பதே அரிது. அந்த மூலையில் நீங்கள் நாளிதழ் வாசித்துவிடுவீர்கள். மொன்ஸ்டெரா ஓர் இலையைக்கூட ஒழுங்காக விரிக்காது. பகலின் பெரும்பகுதியில் 5,000 லக்ஸ் அளவாவது கிடைத்தால் அது நன்றாக வளரும். 1,000க்குக் கீழே போனால் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உள்ளன. துல்லியம் குறைவு என்றாலும், ஓரிடத்தோடு இன்னோரிடத்தை ஒப்பிட உதவும். அதைவிட எளிய வழி கை நிழல். காலை பத்து, பதினொரு மணியளவில், செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓரடி உயரத்தில் உங்கள் கையை விரித்துப் பிடியுங்கள். விளிம்பு வெட்டியது போலக் கறுப்பாக நிழல் விழுந்தால் அது நேர் வெயில். விளிம்பு மங்கலாக, ஆனால் விரல்களை எண்ணக்கூடியதாக விழுந்தால் மொன்ஸ்டெராவுக்கு ஏற்ற இடம். விரல் தெரியாமல் வெறும் கறையாக விழுந்தால் வெளிச்சம் குறைவு. நிழலே விழாத மூலையில் எந்தச் செடியையும் வைக்காதீர்கள்.

“இது காட்டில் மர நிழலில் வளரும் செடி, இருட்டுத்தான் பிடிக்கும்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மொன்ஸ்டெராவின் தாயகம் தெற்கு மெக்சிக்கோ முதல் பனாமா வரையிலான மழைக்காடுகள். இந்தப் பேரினத்துக் கொடிகள் சிலவற்றின் இளங்கன்றுகள் உண்மையாகவே இருட்டை நோக்கித்தான் ஊர்ந்து போகின்றன. ஆனால் அந்த இருட்டு ஒரு பெரிய மரத்தின் அடி. அங்கே போய்ச் சேர்ந்ததும் மரத்தைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறத் தொடங்குகின்றன. மேலே ஏற ஏறத்தான் இலைகள் பெரிதாகும், பிளவும் துளையும் விழும். உங்கள் செடியின் புது இலையில் பிளவு இல்லை என்றால், தான் இன்னும் மரத்தின் அடியில் கிடப்பதாகவே அது நினைக்கிறது என்று பொருள்.

இனி எந்த ஜன்னல் என்ற கேள்வி. வெளிநாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் தெற்கு ஜன்னலைப் பெரிதாகச் சொல்லும். சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்திலேயே செல்லும் நாடுகளுக்கு அது சரி. நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. பிறகு செப்டெம்பர் முதல் வாரம் வரை வடக்குப் பக்கமாகச் செல்கிறது. அதன்பின் மீண்டும் தெற்கு. டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் அறுபது பாகை உயரத்தில் நிற்பதால், கூரை முன்தள்ளி இருக்கும் வீடுகளில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் ஓரிரண்டு அடிக்கு மேல் உள்ளே வராது. நமக்கு உண்மையில் கணக்கு கிழக்கும் மேற்கும்தான்.

அவ்விரண்டிலும் மலையகத்துக்குக் கிழக்கே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நம் மலைகளில் காலை வானம் தெளிவாக இருந்து, நண்பகலுக்குப் பின் மேகம் ஏறிவரும் நாட்களே அதிகம். மேற்கு ஜன்னலுக்கு வரவேண்டிய வெயிலைப் பெரும்பாலும் மூடுபனி வாங்கிக்கொள்கிறது. காலை வெயில் குளிர்ச்சியானது, இலையைச் சுடாது. ஆகவே செடியை இன்றே கிழக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடியில் இருந்து இரண்டடிக்குள் வையுங்கள். ஐந்தடி தள்ளினால் வெளிச்சம் சரிந்துவிடும். கிழக்கில் இஸ்தோப்பு (வராந்தா) இருந்து, அதன் கூரை ஜன்னலை மறைத்தால், இஸ்தோப்பின் ஓரத்திலேயே செடியை வைக்கலாம். இரவுக் குளிர் கடுமையான நாட்களில் மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

ஆண்டு முழுவதும் ஒரே இடம் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். தேயிலை மலையைப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்பாக நிழல் மரங்களான முள்முருங்கைகளின் கிளைகளை வெட்டிவிடுவது தோட்டங்களின் பழைய வழக்கம். மேகம் மூடும் மாதங்களில் கொழுந்துக்குக் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் தடைப்படக்கூடாது என்பது அதன் காரணங்களில் ஒன்று. அதே அறிவு வீட்டுக்குள்ளும் வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் செடியைக் கண்ணாடியோடு ஒட்டியே வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. அப்போது ஓரடி பின்னால் இழுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள். பண்டாரவளை, பதுளை வாசகர்களுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழத் தலைகீழ்: அவர்களுக்கு இருண்ட காலம் ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை.

பெப்ரவரியில் இலை கருகியதும் இதனால்தான். அது தெளிந்த வானத்தின் மாதம். உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதாக் கதிரும் கூடும். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழப் பத்து வீதம் என்பது பொதுவான கணக்கு. ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. இரண்டு மாதம் இருட்டு மூலையில் இருந்த இலையை அந்த வெயிலில் ஒரே நாளில் வைத்தால் அது தாங்காது. வெளிச்சத்தைக் கூட்டும்போது இரண்டு மூன்று வாரங்களில், படிப்படியாகக் கூட்டுங்கள். கருகிய இடம் இனிப் பச்சையாகாது. ஆனாலும் அந்த இலையை வெட்டாதீர்கள். மீதமுள்ள பச்சைப் பகுதி இன்னும் செடிக்கு உணவு தருகிறது.

ஜன்னல் கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள். விறகு அடுப்பு உள்ள வீடுகளில் கண்ணாடியிலும் இலையிலும் மெல்லிய புகைப்படலம் படிந்திருக்கும். இரண்டையும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாலே செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் கூடும்.

தண்ணீரை இப்போதைக்கு நிறுத்துங்கள். வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரை உறிஞ்சுவதும் குறையும். அதோடு நம் குளிரும் சேர்ந்தால் சாடி மண் வாரக்கணக்கில் காயாது, வேர் அழுகும். உங்கள் அடி இலைகள் மஞ்சளானது பெரும்பாலும் இதனால்தான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழை மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறைகூடப் போதுமானதாக இருக்கலாம். சாடியைத் தூக்கியதும் புளித்த வாடை வந்தால், செடியை வெளியே எடுத்து, கறுத்து மெத்தென்று போன வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள்.

நல்ல ஜன்னலே இல்லாத, தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளில் இருந்தும் இதே கேள்வி வருகிறது. அவர்களுக்கு எல்.ஈ.டி. விளக்கு கைகொடுக்கும். இதற்கென விற்கும் ஊதா நிற விளக்கு தேவையில்லை. 12 வாட் வெள்ளை விளக்கு ஒன்று போதும். அதைச் செடிக்கு மேலே ஓரடி உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். கூரையில் மாட்டிய விளக்கால் செடிக்குப் பயனில்லை. தினமும் 12 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு நான்கரை அலகுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும்.

இடம் மாற்றியதும் முதலில் வரும் இலையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அது இருட்டிலேயே உருவாகத் தொடங்கிய இலை. இரண்டாவது, மூன்றாவது இலையில் மாற்றம் தெரியும். நீண்டு சாய்ந்த தண்டை ஒரு குச்சியில் கட்டி நிமிர்த்துங்கள். அடுத்த மார்ச்சில், குளிர் விட்டதும், ஒரு கணுவும் (தண்டில் இலை முளைக்கும் முடிச்சு) அதில் ஒரு காற்றுவேரும் இருக்கும்படி நுனியை வெட்டித் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். அதே சாடியில் தாய்ச்செடியின் பக்கத்திலேயே நட்டுவிடுங்கள்.