வாளியா, பூச்செண்டா?

தங்கச்சி, வவுனியாவிலிருந்து வந்து நான்கு மாதம் என்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மாலையில் பொது அறையில் பழைய பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்கள் ஓடும், கிழவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாமல் நீங்களும் சிரித்துவைப்பீர்கள். ஆங்கிலப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தும் ஏன் விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் போதாமல் இல்லை. 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு லண்டனின் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மாடி அறையில் ஒரு வாடகைத் தொலைக்காட்சி இருந்தது. 50 பென்ஸ் குற்றி போட்டால்தான் ஓடும். நல்ல கட்டத்தில் படம் இருண்டுவிடும். அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும் குற்றியை அவிழ்த்துப் போடுவதற்குள் அந்தப் பகிடி போய்விடும். ஒரு வருடத்துக்குள் எனக்குச் சொற்கள் எல்லாம் விளங்கின, பகிடி விளங்கவில்லை. அம்மாவுக்குச் சொல் ஒன்றும் விளங்காது, ஆனால் பகிடி விளங்கியது. நான் சொல்லை மொழிபெயர்ப்பேன், அவர் சிரிப்பை மொழிபெயர்ப்பார்.

'ஓப்பன் ஆல் அவர்ஸ்' உங்கள் இல்லத்திலும் ஓடும், பாருங்கள். அதில் நடிகர் ரோனி பார்க்கர் யோர்க்‌ஷயர்ப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர், எச்சில் கையால் காகம் விரட்டாத கஞ்சன். காசு லாச்சி திறந்து மூடும்போது விரலைக் கடிக்கப் பாயும். சைக்கிளில் சாமான் கொண்டுபோகிற சகோதரி மகனாக டேவிட் ஜேசன். அம்மா பகல் முழுதும் நின்று வேலை செய்த கடையின் முதலாளியும் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கிப் பொதி செய்து விற்பவர்தான். லாச்சி பாயும் ஒவ்வொரு தடவையும் அம்மா தன் விரலை இழுத்துக்கொள்வார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நாள் முழுதும் முதலாளி முன்னால் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் பிடிபட்டது.

1990இல் தொடங்கிய 'கீப்பிங் அப் அப்பியரன்ஸஸ்' வந்தபோது நான் பெரிய பையன். அதில் ஹையசிந்த் என்ற அம்மாளின் குடும்பப் பெயர் எழுத்தில் 'பக்கெட்', அதாவது வாளி. அவரோ அதை 'புக்கே', அதாவது பூச்செண்டு, என்று வாசிக்க வேண்டும் என்பார். தொலைபேசியை எடுத்தாலும் பூச்செண்டு வீடுதான். உயர்ந்த பீங்கான் கோப்பையில் கோப்பி கொடுத்துவிட்டு, உடைத்துவிடுவாளோ என்று பக்கத்து வீட்டுக்காரியையே உற்றுப் பார்ப்பார். பயத்தில் அவள் கை நடுங்கிக் கோப்பி சிந்தும். நான் இந்த எழுத்து விளையாட்டை விளக்கத் தொடங்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "வாளியைப் பூச்செண்டு என்கிறாள், அவ்வளவுதானே? எங்கள் ஒழுங்கையிலும் ஒருத்தி இருந்தாள்" என்றார். பரீட்சைக்கு இது வராது, தங்கச்சி. இங்குள்ள பகிடியில் பாதி, தனக்கு இல்லாத அந்தஸ்தை ஒருவர் காட்டப் போய் ஊர் முன்னால் நெளிவதுதான். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? யார் என்ன சொன்னார் என்று தேடாதீர்கள். யார் கூனிக் குறுகுகிறார் என்று பாருங்கள்.

'டாட்ஸ் ஆர்மி' மட்டும் எங்கள் வீட்டில் ஓடியதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஊர்க்காவல் படையைப் பற்றிய அப்பாவித்தனமான தொடர்தான் அது. ஆனால் சீருடையும் துவக்கும் தெரிந்தவுடன் அம்மா எழுந்துபோய் அடுத்த அலைவரிசைக்கு மாற்றிவிடுவார். உங்களுக்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று 'ஃபோல்ட்டி டவர்ஸ்'. மொத்தம் 12 பகுதிகள்தான், 1975இல் ஆறு, 1979இல் ஆறு. ஆனாலும் மறுபடி மறுபடி போடுவார்கள். அதில் நடிகர் ஜோன் கிளீஸ் விடுதி முதலாளி. பார்சலோனாவிலிருந்து வந்த மனுவல் என்ற பரிசாரகன், எதைச் சொன்னாலும் "கே?" என்பான். ஸ்பானிய மொழியில் 'என்ன?' என்று அர்த்தம். முதலாளி அவன் தலையில் அடிப்பார், அரங்கம் அதிரும். நானும் சிரிப்பேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பார். "பாஷை தெரியாததற்கா அடிக்கிறான்?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதைச் சொல்லித்தானே சிரித்தார்கள்.

மனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரர் அல்லர். பெர்லினில் பிறந்தவர். தகப்பனார் யூதர் என்பதால் நாஜிகளுக்குத் தப்பி, 1938இல் எட்டு வயதில் லண்டனுக்கு வந்த அகதிப் பிள்ளை. 2016இல் அவர் இறந்தபோது வந்த செய்தியில்தான் இதை வாசித்தேன். அம்மாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நீங்கள் கேட்டது நடைமுறை விஷயம். திரையில் வசன எழுத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள், காது மந்தமான கிழவர்களும் நன்றி சொல்வார்கள். சும்மா சிரித்துவைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு கிழவியின் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இப்போது ஏன் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். தொடரை விட்டுவிட்டுத் தன் மாமியின் கதையைச் சொல்லத் தொடங்குவார். அதைக் கேளுங்கள். மனுவல் வரும்போது உங்களுக்குச் சிரிப்பு வராவிட்டால் சிரிக்க வேண்டாம். அம்மா கடைசிவரை சிரிக்கவில்லை.