எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் எடை நின்றுவிட்டது. இட்லியை விட்டுவிட வேண்டுமா?

மூன்றாம் வாரத்திலேயே எடை அசையவில்லை என்று கலங்காதீர்கள். பெரும்பாலோருக்கு வரும் தேக்கம்தான் இது. உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனின் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் கிளைகோஜன் செலவாகி அந்த நீர் வெளியேறியதால் முள் சரசரவென இறங்கியது. இப்போது நீர் ஓரளவு திரும்புவதால் முள் நிற்கிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. தினமும் எடை பார்த்து மனம் நோகாதீர்கள், வாரம் ஒருமுறை போதும்.

மாவுச்சத்து எதிரியல்ல, வரிசைதான் முக்கியம். சுருங்கிய இரைப்பையில் சில வாய்க்கே இடம். ஆகவே முட்டை, மீன், கெட்டிப் பருப்பு முதலில். நாளுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகு, மிச்ச இடத்தில் பாதி இட்லியைக் கூழாக மென்று விழுங்குங்கள். இரைப்பை பைபாஸ் (உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிக் குடலுக்குப் போகும்படி செய்யும் அறுவை) செய்தவர்கள் சர்க்கரைப் பானங்களைத் தொடவே வேண்டாம்: படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரலாம்.