முன்னால் மட்டும் பார்ப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையிலிருந்து குடும்பத்துடன் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போயிருந்தோம். அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். பையனுக்கு ஒரே சலிப்பு. பூசையோடு இருக்கவேண்டிய தெய்வங்கள் இப்படிக் காட்சிப்பொருளாக நிற்பது மனதை உறுத்தியது. இவற்றைக் கோயில்களுக்கே திருப்பித் தரவேண்டாமா? சிற்பம் பற்றிப் படிக்க நூல்கள் சொல்வீர்களா?

ரா.

அன்புள்ள ரா,

அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுத் தெய்வங்களுக்காக வருத்தப்படுகிறீர்கள். வருத்தம் உண்மையானது, கேலி செய்யவில்லை. ஆனால் அங்கே நீங்கள் பார்த்த திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்து வெளிவந்தவை. திருப்பித் தருவதா வேண்டாமா என்பது பெரிய வழக்கு, இன்னொரு நாள் பேசுவோம்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். அவற்றில் ஒன்றான ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், முன்னால் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?

சில நாட்களாக அந்தச் சிலைதான் மனதில் ஓடுகிறது, அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். 1011-ல், ராஜராஜன் காலத்தில் வந்த திருமேனி. தேவி மறுவருடம் வந்து சேர்ந்தாள். காளை இப்போது இல்லை. ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு, இல்லாத காளைமேல் கைவைத்துச் சாய்ந்திருக்கிறார். விழுவார் என்று தோன்றுவதே இல்லை. வெதுவெதுப்பான முதுகொன்றில் வைத்த கை எப்படித் தளர்ந்திருக்குமோ, அப்படி இருக்கிறது அந்த மணிக்கட்டு. முழங்கையைப் பார்த்தே காளையின் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

சிறுவயதில் என்னை அங்கே கூட்டிப்போனவர் தையல்காரரான என் பெரியப்பா. தலைப்பாகைபோல் சுற்றிய அந்தச் சடை பின்னால் எப்படி முடிகிறது என்று பார்க்க, பக்கவாட்டில் குனிந்து கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தார். காவலாளி வந்து, "சாமி முன்னாடிதான் இருக்கு" என்றார். பெரியப்பா நிமிராமலே, "முன்னாடி எல்லாருந்தான் நல்லாத் தைப்பான்" என்றார்.

கோயிலில் இதைப் பார்க்கவே முடியாது. உற்சவர் பட்டும் மாலையும் சாத்திக்கொண்டு வருவார், முகமும் கையும்தான் தெரியும். முதுகும் இடுப்பு வளைவும் அபிஷேகம் செய்யும் குருக்களின் கண்ணுக்கு மட்டும். அப்படியும் ஸ்தபதி ஒரு சுருளைக்கூடப் பாதியில் விடவில்லை. மெழுகில் செய்து, மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்து எடுக்கிற வேலை அது. அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது.

காட்சிப்பொருள் என்கிறீர்களே, காட்சிப்பொருளாகக்கூட நீங்கள் அதைப் பார்க்கவில்லை! நேர் எதிரே நின்று செல்போனில் ஒரு படம், அப்புறம் அடுத்த சிலை. தாராசுரத்திலிருந்து வந்த, யானையின் தோலை உரித்த சிவனும் அங்கேதான் இருக்கிறார். கல்லில் உடம்பையே முறுக்கி நிற்கிறார். அவரையும் இப்படித்தான் கடந்திருப்பீர்கள்.

நூலெல்லாம் இப்போது வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதே திருவெண்காட்டின் அர்த்தநாரி இருக்கிறார். ஆண்பக்கம் இரண்டு கை, பெண்பக்கம் ஒன்று. அங்கும் காளை இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளில் பையனை மட்டும் கூட்டிப்போங்கள். அந்த ஒரு சிலை போதும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சிவன் உமையாக மாறினார் என்று கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.