மக்களே பட்ஜெட் போட்ட ஊர் உண்டா?

"கருத்துக் கேட்புக் கூட்டமெல்லாம் வெறும் சடங்குதானே, மக்கள் உண்மையிலேயே முடிவெடுத்த இடம் எங்காவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு: பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம்.

1989-இல் தொழிலாளர் கட்சி அங்கே மாநகராட்சிப் பொறுப்பேற்றதும் நகரத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்துக் கூட்டங்கள் நடத்தியது. சாக்கடையா, சாலையா, பள்ளியா, எது முதலில் என்று மக்களே வரிசைப்படுத்திப் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் கெட்டிக்காரத்தனம் பணத்தைப் பங்கிட்ட முறையில் இருக்கிறது. மக்கள்தொகை, வசதிக் குறைபாடு, மக்கள் சொன்ன முன்னுரிமை ஆகிய மூன்றையும் வைத்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மதிப்பெண் தந்து, அதன்படி பணத்தை ஒதுக்கினார்கள். ஆகவே உரக்கக் கத்துகிற வட்டாரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியவில்லை; குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் இல்லாத குடிசைப் பகுதிகள் முன்னுக்கு வந்தன. கேட்டது கட்டப்படுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்கள். (நம் ஊர்க் கூட்டங்களில் தேநீரோடு எல்லாம் முடிந்துவிடுகிறது!)

ஆனால் மக்களின் கை புதிய பணிகளுக்கான செலவில்தான் ஓங்கியிருந்தது. சம்பளம் போன்றவற்றுக்குப் போனது போக மிஞ்சியதுதான் அது. இந்த முறை முழுமையான சட்டமாகவும் ஆக்கப்படவில்லை. 2004 தேர்தலில் அந்தக் கட்சி தோற்றபின் இந்த முறை மெல்ல வலுவிழந்து, 2017-இல் நிறுத்திவைக்கப்பட்டது.