டார்ச் வைத்த கைப்பேசி

கேள்வி: பழைய பொத்தான் கைப்பேசிகளில் உங்களால் மறக்க முடியாதது எது?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: சந்தேகமில்லாமல் நோக்கியா 1100தான். 2003-இல் வெளிவந்து, உலகெங்கும் சுமார் 25 கோடி விற்ற அந்தக் கைப்பேசியை, தூசி புகாத விசைப்பலகையோடும் உச்சியில் சிறு டார்ச் விளக்கோடும் நம்மைப் போன்ற நாடுகளை மனத்தில் வைத்தே வடிவமைத்திருந்தார்கள். மின்வெட்டு இரவுகளில் ‘சி’ விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே மெழுகுவத்தி தேடியவர்கள் எத்தனையோ பேர்! காசை மிச்சம் பிடிக்க, ஒரு மிஸ்டு கால் விட்டால் ‘கிளம்பிவிட்டேன்’, இரண்டு விட்டால் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடே இருந்தது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சில நாள்கள் தாங்கும் என்பதால், வெளியூர்ப் பயணத்தில் சார்ஜரைப் பற்றிய நினைப்பே வராது. அந்த நிம்மதியை இன்றைய எந்த ஸ்மார்ட்போனும் எனக்குத் தந்ததில்லை.