லென்கோ எல்75: கையை மாற்றும் முன்

அண்ணாச்சி, அப்பாவின் லென்கோ எல்75 இசைத்தட்டுப் பெட்டியில் ஊசியைத் தாங்கும் கை ஆடுகிறது, ரேகா (Rega) நிறுவனத்தின் கை ஒன்று வாங்கிப் பொருத்தலாமா என்று குளச்சலிலிருந்து கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கை கத்திமுனை அச்சில், இரண்டு சின்ன வி வடிவ ரப்பர் துண்டுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். வயதானால் அவை பொடிந்துவிடும். என்னுடையதைத் திறந்தபோது தொட்டதுமே கருப்புத் தூளாக விரலில் ஒட்டியது. புதுத் துண்டுகள் போட்டேன், ஆட்டம் நின்றது. முதலில் அதைப் பாருங்கள்.

கையே வளைந்திருந்தால் ரேகா நல்ல தேர்வு. ஸ்பிண்டில், அதாவது இசைத்தட்டை மாட்டும் நடுக்கம்பி, அதன் மையத்திலிருந்து கை சுழலும் மையம் வரை 222 மி.மீ. இருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். ஸ்பிண்டில் 7 மி.மீ.க்குச் சற்று அதிகத் தடிமன். விளிம்பிலிருந்து அளந்தால் மூன்றரை மி.மீ. பிசகிவிடும், அப்புறம் ஊசியைச் சரியாக அமைப்பது கஷ்டம். கெட்டி அட்டையில் துளையிட்டு ஸ்பிண்டிலில் மாட்டி அளவெடுங்கள்.

பழைய கையின் துளை இதற்குப் பொருந்தாது, புதுக் கையைப் பொருத்தத் தனித் தகடு வேண்டும். நம் ஊரில் அயனிப் பலகை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மழைக்காலத்தில் மரம் ஊதும். நான் அலுமினியத்தையே சொல்வேன். நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் அட்டையைக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள்.

ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜுக்குப் போகும் வயர்களில் வெள்ளையும் நீலமும் இடது பக்க ஒலிக்கு, சிவப்பும் பச்சையும் வலது பக்க ஒலிக்கு. கடற்காற்றில் அந்தக் கிளிப்புகளில் களிம்பு ஏறியிருக்கும், துடைத்துவிட்டு மாட்டுங்கள்.